நீரிறைக்கும் இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவும் அதனை வீட்டிலே திருத்தும் முறையும்

மரக்கறிச் செய்கையாளருக்கும், வாய்க்கால் நீர் எட்டாத வயல்களைச் செய்வோருக்கும் நீரிறைக்கும் இயந்திரம் இன்றியமையாத துணையாகும். வெங்காயம் திரளும் பருவத்திலோ மிளகாய் பூத்துக் காய்க்கும் பருவத்திலோ இயந்திரம் சில நாட்கள் நின்றுபோனால் அப்போகத்தின் விளைவு குன்றிவிடும். இயந்திரம் இவ்வாறு இடைநடுவில் இறுகி நிற்பதற்கு எண்ணெய்க் கசிவைக் கவனியாது விடுதல் ஒரு முக்கிய காரணமாகும். கசிவுகளிற் பலவற்றைக் கமக்காரர் தம் வீட்டிலேயே சில சாவிகளைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். ஆனால் கசியும் இடத்தைச் சரியாகக் கண்டறிந்த பின்னரே சாவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

கசிவினால் விளையும் கேடு

5.5 குதிரைவலுவுள்ள சிறிய இயந்திரம் ஒன்றின் அடிப்பெட்டியில் ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் எண்ணெயே உண்டு. பிஸ்டனுடன் இணைந்த கோலின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு, ஒவ்வொரு சுற்றிலும் அவ்வெண்ணெயை அள்ளி எறிந்து உட்பாகங்களை நனைக்கின்றது. எண்ணெய்மட்டம் தாழ்ந்தால் அவ்வுறுப்புக்கு எண்ணெய் எட்டாது. உலோகத்துடன் உலோகம் உராய்ந்து இறுகிவிடும். சில இயந்திரங்கள் எண்ணெய் குறைந்தவுடன் தாமாகவே நின்றுவிடும். அப்போது பிளக் பழுதென்று எண்ணி அதனை மாற்றுவோர், முதலில் எண்ணெய்மட்டத்தைப் பார்த்தல் நன்று.

இடத்தைக் கண்டறிதல்

1. இயந்திரம் ஆறிய பின் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுக. மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அழுக்கை நீக்கி, துணியால் நன்கு துடைத்து உலரவிடுக. இதனைக் கிணற்றுக்கும் அடுப்புக்கும் தொலைவிலே செய்தல் வேண்டும்.

2. உலர்ந்த பாகங்களின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுக. பின்னர் வயரை மாட்டி, இறைக்கும் நீருடன் பதினைந்து நிமிடம் இயக்கி நிறுத்துக.

3. பவுடர் முதலில் கறுத்த இடத்தைப் பார்க்க. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். காற்றாடியின் காற்று அதனைப் பக்கங்களுக்கும் பரப்பும். ஆதலால் சொட்டும் இடம் கசியும் இடமாக இருத்தல் அரிது. நனைந்த இடங்களுள் மிக உயரமானதே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடமாகும்.

வெளியே ஈரமே இல்லாது எண்ணெய் மட்டும் குறைந்து, புகை நீலமாக வருமாயின் எண்ணெய் உள்ளே எரிகின்றது எனக் கொள்க. அது பிஸ்டன் வளையங்களின் தேய்வாக இருக்கலாம். அத்தகைய இயந்திரத்தைத் திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும்.

செலவின்றிச் செய்யத்தக்கவை

பாகங்களைக் கழற்றுமுன் பின்வரும் மூன்றையும் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய்மட்டம்: இயந்திரத்தைச் சமதரையில் வைத்து அளவிடுக. அளவுக்கு மிஞ்சி ஊற்றிய எண்ணெய் தானே வெளியேற வழி தேடும்.

எண்ணெயின் தன்மை: மட்டம் குறைவதற்கு மாறாக உயர்ந்து, எண்ணெய் நீர்த்து, மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணந்தால் எரிபொருள் அடிப்பெட்டிக்குள் இறங்கியுள்ளது. நீர்த்த எண்ணெய் எல்லாப் பொருத்துகளாலும் கசியும். மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். பெற்றோல் இயந்திரமாயின் காபரேற்றரின் மிதவை ஊசி சரியாக மூடுகின்றதா எனப் பார்க்க. காரணத்தை நீக்கிய பின் எண்ணெயையும் மாற்றுக. எண்ணெய் பால்போல வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. அதனையும் மாற்றுதல் வேண்டும்.

மூச்சுக்குழாய்: அடிப்பெட்டியின் உள்ளமுக்கத்தை வெளியேற்றும் சிறு குழாய் இது. சேறு படிந்தோ, போகம் முடிந்து கிடந்த காலத்தில் குளவி கூடு கட்டியோ இது அடைபட்டால், உள்ளமுக்கம் கூடி நல்ல சீலினூடாகவும் எண்ணெயைத் தள்ளும். புதிய சீல் போட்டும் கசிவு நில்லாததற்கு இதுவே காரணமாதல் உண்டு. குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தஞ் செய்க.

போல்ற்றுகளும் கஸ்கற்றும்

எண்ணெய் வடிக்கும் போல்ற்றிற் கசிவு இருப்பின் அதன் வாசரை மாற்றுக. சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாசர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், அதனைப் பயன்படுத்தலாகாது. போல்ற்றை முதலிற் கையாலே திருகிப் பின்னரே சாவியால் இறுக்குக. அலுமினிய உடலிலுள்ள மரை மென்மையானது. கசிவு நிற்கவில்லையென்று பலங்கொண்டு இறுக்கினால் மரை அழிந்து, சிறு செலவு பெருஞ் செலவாகும்.

பக்கமூடியின் பொருத்திற் கசிவு இருப்பின், அதன் போல்ற்றுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிப் பார்க்க. அதனாலும் நில்லாவிடில் கஸ்கற்றை மாற்றுதல் வேண்டும். எண்ணெயை வடித்து, கழற்றும் போல்ற்றுகளை அட்டையொன்றில் அவ்வவ் விடத்திலேயே குத்தி வைக்க. அவற்றின் நீளம் வேறுபடக்கூடும். மூடியை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றுக. பொருத்தினுள் திருப்புளியைச் செருகி நெம்பினால் அங்கு விழும் வடுவே புதிய கசிவாகும். ஒட்டிய பழைய கஸ்கற்றை மரச்சீவலாற் சுரண்டுக, அரத்தாள் ஆகாது. புதிய கஸ்கற் பழையதன் தடிப்பிலேயே இருத்தல் அவசியம். ஒட்டுப்பசையை அள்ளிப் பூசலாகாது; உள்ளே பிதுங்கும் பசை எண்ணெய் செல்லும் வழியை அடைக்கும்.

ஒயில் சீல்

தண்டு வெளிவரும் இடத்திற் கசிவு இருப்பின் முதலில் தண்டை மேலுங் கீழும் அசைத்துப் பார்க்க. அசைவு தெரிந்தால் பெயாரிங் தேய்ந்துள்ளது. சீலை மட்டும் மாற்றுதல் வீண். அசைவு இல்லையெனின் தண்டின் மேற்பரப்பைக் கீறாது பழைய சீலை எடுத்து, அதே அளவான புதியதை, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்கப் பொருத்துக. அதன் உதட்டில் எண்ணெய் தடவி, தண்டின் சாவிப்பள்ளத்தை மெல்லிய பொலித்தீனால் மூடினால் உதடு கிழியாது. சீலின் விட்டமுள்ள குழாய்த்துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குக.

வேலை முடிந்ததும் கைந்நூலிற் குறித்த எண்ணெயை அளவாக ஊற்றி, முன்போலப் பவுடர் தூவி இயக்கிச் சோதிக்க. நான்கடிப்பு மோட்டார் சைக்கிளின் கசிவையும் இவ்வாறே துடைத்து, தூவி, மேலிருந்து தேடலாம்.

கழிவெண்ணெய்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையின் நீரையே நம்பியுள்ளன. அப்பாறையின் வெடிப்புகளினூடாக நிலத்திற் சிந்துவது விரைவில் நிலத்தடி நீரை அடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவில் மக்களிடையே பெருங் கவலையை உண்டாக்கியது. ஆதலால் இயந்திரத்தின் கீழ் மரத்தூள் இட்ட தட்டொன்றை வைத்தல் நன்று. வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவெண்ணெயை ஏற்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வரம்பிலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ அதனை ஊற்றலாகாது.

ஒவ்வொரு நாளும் இறைப்புக்கு முன் எண்ணெய்மட்டத்தைப் பார்த்தலும், வாரம் ஒருமுறை இயந்திரத்தைத் துடைத்தலும் கமக்காரர் கைக்கொள்ளவேண்டிய பழக்கங்களாம். துடைத்த இயந்திரத்திலேதான் புதிய கசிவு முதல் நாளிலேயே கண்ணிற் படும்.