யாருக்குத் தொண்டு?

விவிலியக் கருத்துகளைக் கோயிற்பாட்டாகக் கேட்டுப் பழகியோர்க்கு, அவை ராக் இசையில் ஒலிப்பது புதுமையாகத் தோன்றலாம். 1979-இல் பாப் டிலன் வெளியிட்ட 'ஸ்லோ டிரெயின் கமிங்' அத்தகைய இசைத்தட்டு. யூதக் குடியிற் பிறந்த அமெரிக்கக் கவிஞராகிய அவர், கிறிஸ்துவ நெறியைத் தழுவியபின் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதுவே.

முதற்பாட்டு 'காட்டா சர்வ் சம்படி'. யாரைச் சேவிப்பது என்பதை இன்றே தெரிந்துகொள்ளுமாறு யோசுவா மக்களை வேண்டினார் (யோசுவா 24:15). இரண்டு எசமானர்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய இயலாது என்றார் இயேசு (மத்தேயு 6:24). டிலன் இவற்றுக்கு உரை கூறவில்லை. தூதர், சூதாடி, குத்துச்சண்டை வீரர் எனப் பலரையும் அடுக்கி, எவரும் யாருக்கேனும் தொண்டரே என நிறுவுகிறார். நடுநிலை என ஒன்றில்லை என்பது கருத்து.

'மேன் கேவ் நேம்ஸ் டு ஆல் தி அனிமல்ஸ்' சிறுவர் பாட்டுப் போன்றது. விலங்குகளுக்கு ஆதாம் பெயரிட்ட வரலாற்றைத் தழுவியது (ஆதியாகமம் 2). ஒவ்வொரு விலங்கையும் பெயர் சொல்லி வந்தவர், இறுதியில் பாம்பை மட்டும் பெயர் கூறாது விடுகிறார். அடுத்த அதிகாரத்து வீழ்ச்சியைக் கேட்போரே உணரட்டும் என்று நிறுத்திய நயம் இது!

1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரங்கில், புகழ்பெற்ற பழம்பாட்டுகளை விலக்கிச் சமயப்பாட்டுகளையே பாடினார். அவையோருள் சிலர் கூச்சலிட்டனர். எனினும் முதற்பாட்டு 1980-இல் கிராமி விருது பெற்றது. கைதட்டலுக்குத் தொண்டா, கொண்ட கொள்கைக்குத் தொண்டா? பாட்டில் பிறரைக் கேட்ட வினாவுக்கு, மேடையில் அவரே விடையிறுக்க நேர்ந்தது. கலை பயில்வோர் எச்சமயத்தவராயினும் எண்ணத்தக்க வினா இது.