ஏசிக்கு முன்னால் மொட்டை மாடி

கேள்வி: எங்களுடையது மேல்மாடி வீடு. கோடையில் இரவு பதினொரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் வீசுகிறது. ஒன்றரை டன் ஏசி போதுமா, இரண்டு டன் வாங்கவேண்டுமா?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: டன் கணக்கு கிடக்கட்டும் அம்மா, முதலில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். திருமலையில் 2002-இல் 106 சூரிய ஒளிக் கிண்ணங்களை நிறுத்தி, நாளுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு நீராவி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதே வெயில்தான் உங்கள் மாடியிலும் காய்கிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி படுக்கையறைக்குள் இறக்குகிறது. ஏசி வைத்தால் அது கூரையோடு மல்லுக்கட்டும். பில் உங்களுக்கு வரும்!

விரிசல்களை அடைத்துவிட்டு, மாடி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். செலவு குறைவு. ஆனால் மழையில் கரையும், வருடாவருடம் பங்குனியில் அடிக்கவேண்டும். அலுப்பென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள். பக்கத்துத் தெலங்கானா இதற்கென்றே 2023-இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது.

சொந்த வீடா? 3 கிலோவாட் சோலார் போட்டால் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடுகளை உயர்த்தி நிறுத்தினால் தளத்துக்கு நிழலும் கிடைக்கும்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை, வெயில் நுழைந்த பிறகுதான் தடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டுமென்றால் ஒன்றரை டன், ஐந்து ஸ்டார் வாங்குங்கள். 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் ஓடவிடுங்கள்.