வியாபாரத்தில் வஞ்சிக்கப்பட்டவர் நியாயம் தேடும் முறை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் நோக்கிப் போகிறவர், பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகளின் மதில்களைக் காண்பதற்கு முன்பாகவே, அவற்றை அண்டிப் பிழைக்கும் லேத் பட்டறைகளையும், பிரஸ் ஷாப்புகளையும், ஸ்கிராப் கிடங்குகளையும், ஆள் அனுப்பும் காண்டிராக்டர்களின் பெயர்ப்பலகைகளையும் காண்பார். இவ்வட்டாரத்தில் சிறு முதலீட்டுக்காரர்களின் வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லையும் ஓர் அட்வான்ஸ் தொகையையும் ஆதாரமாகக் கொண்டு நடப்பது. 'கம்பெனி ஸ்கிராப் காண்டிராக்ட் என் கையில் இருக்கிறது, டெபாசிட் கட்டினால் உமக்கும் பங்கு' என்று ஒருவர் சொல்லக்கூடும். 'மெஷின்கள் மீது ஒரு பைசா கடன் கிடையாது' என்று கூறி, ஓடுகிற பட்டறையை இன்னொருவர் விற்கக்கூடும். பணம் கைமாறிய பின்னர், காண்டிராக்ட் என்பதே இல்லையென்றும், மெஷின்கள் முன்னமே வங்கியின் பொறுப்பில் இருக்கின்றன என்றும் வெளிப்படுமானால், வஞ்சிக்கப்பட்டவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னர் செய்ய வேண்டும் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காரியம், நடந்தது வஞ்சனையா, வாக்குத் தவறுதலா என்று தமக்குத்தாமே நேர்மையாக விசாரித்துக்கொள்வது. பணம் வராத துக்கத்தில் எல்லாம் மோசடியாகவே தோன்றும்; ஆனால் சட்டத்தின் கண்ணில் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பொய்யென்று தெரிந்தே ஒன்றை மெய்யாகச் சொல்வதையும், தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதையும், நிறைவேற்றும் உத்தேசமே இல்லாமல் வாக்களிப்பதையும் 17-ஆம் பிரிவில் மோசடி என்று வைக்கிறது. உண்மையென்று நம்பியே சொல்லப்பட்ட தவறான தகவலை 18-ஆம் பிரிவில் தனியாக வைக்கிறது. 1889-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, நீராவியால் டிராம் ஓட்ட உரிமை பெற்றிருப்பதாக அறிவித்துப் பங்கு விற்ற ஒரு கம்பெனியின் டைரக்டர்கள், அதை உண்மையாகவே நம்பியிருந்தபடியால் மோசடிக்காரர் ஆகார் என்று டெர்ரி எதிர் பீக் வழக்கில் தீர்த்தது. சொன்னவன் சொன்ன வேளையில் என்ன அறிந்திருந்தான் என்பதே வழக்கின் உயிர்நிலை. நல்லெண்ணத்தோடு ஆர்டர் எடுத்துப் பின்பு நொடித்துப்போனவன் கடனாளியே தவிர மோசடிக்காரன் அல்லன்.

அடுத்தது சாட்சியம் திரட்டுவது. இதில் காட்டும் சோம்பலால் கெட்டுப்போகும் வழக்குகள் அநேகம். ஒரு தாளை எடுத்து, எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் முன்னிலையில், எதிரி என்ன சொன்னார், அதை நம்பி நாம் என்ன செய்தோம், எப்போது எவ்விதம் அது பொய்யென்று அறிந்தோம் என்று வரிசையாக எழுதவேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் நேரே ஓர் ஆதாரத்தை வைக்கவேண்டும்: வங்கிக் கணக்கு நகல், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், ஜி.எஸ்.டி. பில், வாட்ஸ்அப் செய்தி. பர்ச்சேஸ் ஆர்டர் போலியென்று சந்தேகம் எழுந்தால், அதை வழங்கியதாகச் சொல்லப்படும் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு எழுத்து மூலம் விசாரித்து, பதிலைப் பத்திரப்படுத்தவேண்டும். செல்போனிலுள்ள செய்திகளை அழிக்காமலும், போனையே விற்றுவிடாமலும் இருப்பது அவசியம். மின்னணுப் பதிவுகளின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழை அவற்றோடு கேட்கிறது.

இவ்விடத்தில் சற்று நிதானித்துச் சொல்லவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பட்டறையை விற்றவர் 'கடன் இல்லை' என்று வாய்திறந்து பொய் சொன்னாரா, அன்றிக் கடனைப்பற்றிப் பேசாமலே இருந்துவிட்டாரா என்பதைப் பொறுத்து, வழக்கின் பலம் தலைகீழாக மாறக்கூடும். வஞ்சகமான மௌனத்தாலோ, தெரியாமல் சொன்ன தவறான தகவலாலோ சம்மதம் பெறப்பட்டிருந்து, சாதாரண ஜாக்கிரதையோடு தேடினால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க வழியிருந்தால், ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய இயலாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு கூறுகிறது. கம்பெனியின் சொத்துக்கள் மீதுள்ள கடன் பொறுப்புக் கம்பெனிப் பதிவாளரின் ஆவணங்களில் காணப்படும். செர்சாய் என்னும் மத்தியப் பதிவேட்டிலும் கட்டணம் செலுத்தித் தேடலாம். ஆகவே, 'நீர் ஏன் தேடவில்லை?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது நிச்சயம். நேரடியாகச் சொல்லப்பட்ட பொய்யை மெய்ப்பித்துவிட்டால் இக்கேள்விக்கு வலுவில்லை. அதனால்தான், கடன் இல்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குச் சாட்சி தேடுவதில் எத்தனை பிரயாசை எடுத்தாலும் தகும் என்பது என் அபிப்பிராயம்.

உண்மை தெரிந்த மாத்திரத்தில், ஒப்பந்தத்தை நீக்கிவிடுவதா, நிலைநிறுத்திக்கொண்டு ஈடு கேட்பதா என்று முடிவு செய்யவேண்டும். மோசடியால் பிறந்த ஒப்பந்தம் தானாகச் செத்துவிடுவதில்லை. வஞ்சிக்கப்பட்டவர் விரும்பினால் நீக்கத்தக்கது, அவ்வளவே. மெஷின்களை விடாமல் ஓட்டிக்கொண்டும், மீதித் தவணையைச் செலுத்திக்கொண்டும் ஆறு மாதம் கழித்து 'நீக்குகிறேன்' என்றால், தெரிந்தே ஏற்றுக்கொண்டீர் என்றுதான் கோர்ட்டு கருதும். நீக்குவதாயின், வக்கீல் மூலமாகப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பெற்றதைத் திருப்பித் தரத் தயாரென்றும், கொடுத்ததைத் திருப்பித் தரவேண்டுமென்றும் தெளிவாக எழுதவேண்டும். நோட்டீஸில் கோபாவேசமான வார்த்தைகள் வேண்டா. பின்னாளில் அது ஒரு தஸ்தாவேஜாகக் கோர்ட்டில் வாசிக்கப்படும்.

காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டு. மோசடியை ஆதாரமாகக் கொண்ட வழக்கில், அதைக் கண்டறிந்த நாளிலிருந்தோ, ஜாக்கிரதையோடு இருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடத் தொடங்கும் என்று 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சலுகை தருகிறது. சலுகை உண்டென்று காத்திருப்பது புத்திசாலித்தனமன்று.

ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் தீர்ப்பு ஷரத்து இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 'மோசடி என்று சொல்லிவிட்டால் ஷரத்து செல்லாது, நேரே கோர்ட்டுக்குப் போகலாம்' என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. திருநெல்வேலியில் குடும்பப் பாகஸ்தர்கள் நடத்திய ஒரு ஹோட்டல் சம்பந்தமான அய்யாசாமி எதிர் பரமசிவம் வழக்கில், மோசடிக் குற்றச்சாட்டைக் காரணமாகக் காட்டிக் கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் மத்தியஸ்தத்தை மறுத்தபோது, உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபர் 4-இல் அதை மாற்றி, பாகஸ்தர்களுக்குள் நடந்த சாதாரண மோசடிப் புகாரை மத்தியஸ்தரே விசாரிக்கலாம் என்று தீர்த்தது. ஒப்பந்தத்தையும் ஷரத்தையும் சேர்த்தே வேரில் அழிக்கும் மோசடியோ, பொதுநலனைத் தொடும் மோசடியோதான் கோர்ட்டுக்கு உரியது.

ஷரத்து இல்லையேல், வியாபார விவகாரமாகவும் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாததாகவும் இருக்கும் வழக்கு, 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வரும். அவசரமான இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில், முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் சமரசத்துக்கு முயன்றே தீரவேண்டும். அதைச் செய்யாமல் தாக்கலாகும் பிராது நிராகரிக்கப்படும் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எதிரி மெஷின்களைக் கழற்றி விற்கிறார், நிலத்தைக் கைமாற்றுகிறார் என்பதற்கு ஆதாரம் உண்டாயின், காத்திராமல் வழக்கிட்டு, தீர்ப்புக்கு முந்திய ஜப்தியும் தடையுத்தரவும் கேட்கலாம். பிராதில் 'ஏமாற்றினார்' என்று பொதுவாக எழுதினால் போதாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் ஆர்டர் 4-ஆம் விதி, மோசடியின் விவரங்களைத் தேதியோடு சொல்லச் சொல்கிறது. முன்னே எழுதிவைத்த அந்தத் தாள் இங்கேதான் உதவுகிறது. கோர்ட்டு ஸ்டாம்புக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுவாக நூற்றுக்கு மூன்று. பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் வருமானத்தைக் கணக்கிடாமலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

போலீஸ் பிராது வேறு பாதை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதற்குச் சான்று உள்ளபோது, உதாரணமாகப் பர்ச்சேஸ் ஆர்டரே போலியென்றால், 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சட்டத்தின் 318-ஆம் பிரிவிலும், அதற்கு முந்தியவற்றுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பி, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். பாக்கி வசூலிக்கும் ஏஜெண்டாகப் போலீஸைப் பயன்படுத்த முயல்கிறவரை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கண்டித்திருக்கிறது. பணம் ஆன்லைனில் போயிருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் தெரிவிக்கவேண்டும். எதிரி கொடுத்த செக் திரும்பியிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்தபின் 15 நாள் அவகாசம், அது கடந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்கிடுவதில் ஒரு நாள் தவறினாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்றாட வேண்டியிருக்கும்.

டிக்ரி கிடைத்தபின் பணம் தானாக வந்துவிடாது. பிரதிவாதியின் வங்கிக் கணக்கு, வாகனம், நிலம், அவருக்கு வேறு கம்பெனிகளிலிருந்து வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் பட்டியலை வழக்கு நடக்கும்போதே தயாரித்துக்கொள்ளவேண்டும். நிறைவேற்று மனுவுக்குச் சட்டம் தரும் காலம் 12 ஆண்டு. அம்மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கோர்ட்டுகளுக்குப் பணித்திருக்கிறது. வாய்தா நீளும்போது அந்த உத்தரவை எடுத்துக்காட்டும்படி வக்கீலிடம் சொல்லலாம்.