வளர்ந்தவருக்கு எதற்கு வளர்ச்சி ஹார்மோன்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, பிராடர்-வில்லி சிண்ட்ரோம். உயரம் நின்றதும் நிறுத்திய வளர்ச்சி ஹார்மோன் ஊசியை மறுபடி போடலாம் என்கிறார் டாக்டர். இனி எதற்கு?

பதில்: உயரத்துக்காக அல்ல. எலும்பு முனைகள் மூடியபின் எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது. 15-ஆம் குரோமோசோமில் அப்பா வழியாக வரவேண்டிய ஒரு பகுதி செயல்படாததால் வரும் இந்தக் கோளாறில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். பெரியவர்களிடம் இந்த ஊசி அந்தக் கணக்கைத்தான் ஓரளவு மாற்றுகிறது. எடை மெஷினில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இந்தக் கோளாறில் வரும் தீராப் பசியை மட்டும் இந்த ஊசி அடக்காது. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டிருந்தால் (பல வீடுகளில் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை) அது அப்படியே இருக்கட்டும்.

தொடங்குமுன் சர்க்கரை அளவும் தூக்கப் பரிசோதனையும் கட்டாயம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? டாக்டரிடம் சொல்லுங்கள், முதலில் அதற்குத்தான் வைத்தியம். உடல் பருமன் மிக அதிகமென்றாலும் ஊசி கூடாது.

சிறுவயது டோஸை அப்படியே போடாதீர்கள். பெரியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி, ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். கால் வீங்கினாலோ மூட்டு வலித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.