முடிக்கக்கூடிய வேலையைத் தெரிவு செய்தல்

தவக்காலம் பிறந்ததும், வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்போம் என்று தொடங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதியாகமம் கதைபோல ஓடிவிடும். யாத்திராகமத்தின் பிற்பகுதியில் கூடாரத்தின் அளவுகள் வரும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். லேவியராகமத்தில் புத்தகம் மூடப்படும். பிறகு, ‘எங்களுக்குப் பக்தி காணாது’ என்று தங்களையே நொந்துகொள்வார்கள். பக்தியில் குறைவில்லை; வேலையைத் தெரிவு செய்த விதத்திலேதான் பிழை.

வேதாகமத்தை இலத்தீனில் தந்த புனித ஜெரோம் எவ்வாறு வேலை செய்தார் என்று பார்ப்போம். பாப்பரசர் தமாசுஸ் காலத்தில் அவர் கையிலெடுத்தது நான்கு நற்செய்திகளின் பழைய இலத்தீன் பெயர்ப்பைத் திருத்தும் பணியே. 384இல் பாப்பரசர் இறந்தார். மறு ஆண்டு ஜெரோம் உரோமையை விட்டு நீங்கி, பின்னர் பெத்லகேமில் குடியேறினார். அங்கேதான் எபிரேயத்திலிருந்து பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கலானார். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போனாரா? இல்லை. சாமுவேல், அரசர் நூல்கள் முதலில் வந்தவற்றுள் அடங்கும். ஐந்தாகமங்களை நண்பர் ஒருவர் கேட்டார், செய்து கொடுத்தார். நீண்ட நோயிலிருந்து எழுந்த பலவீனத்தில், தமக்கு உதவிய இரு ஆயர்களுக்காக நீதிமொழிகள், சங்கத் திருவுரை, உன்னத சங்கீதம் மூன்றையும் மூன்றே நாளில் முடித்ததாக அவரே எழுதுகிறார். (அந்த வேகம் நமக்கு வேண்டாம்!) 404இல் பவுலா அம்மையார் இறந்தபின், அவருடைய மகள் யுஸ்தோக்கியத்தின் பொருட்டு யோசுவா, நீதிபதிகள், ரூத்து நூல்களை முடித்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு நூலும் தன்னளவில் முழுமையானது. ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க ஓர் ஆள் இருந்தார். சுமார் பதினைந்து ஆண்டுகள் அவர் சோர்ந்து விழாமல் உழைத்ததற்கு இவை பெரும் காரணங்கள் என்றே நினைக்கிறோம். ஞானாகமம், சீராக், மக்கபேயர் நூல்களை அவர் தொடவேயில்லை என்பது பலருக்குத் தெரியாது. இலத்தீன் வேதாகமத்தில் அவற்றுக்குப் பழைய பெயர்ப்பே நிலைத்தது. எதைச் செய்வதில்லை என்று தீர்மானிப்பதும் தெரிவிலே அடங்கும். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்வதும் இதைப் பற்றியே.

ஆகவே வீட்டில் மாற்கு நற்செய்தியோடு தொடங்குங்கள். அதிகாரங்கள் 16. மாலைச் செபத்தின்பின் நாளுக்கொன்றாக வாசித்தால் 16 நாளில் ஒரு நூல் முடிந்துவிடும். ஓர் இரவு தவறினால் மறுநாள் இரண்டு வாசித்து ஈடுசெய்யத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பத்து வயதுப் பிள்ளை தனக்குள் வாசிப்பதைவிட, பார்வை மங்கிய அப்பம்மாவுக்கு உரத்து வாசிக்கட்டும். மற்றப் பிள்ளை, அவர் விரும்பும் சங்கீதம் ஒன்றைப் பெரிய எழுத்தில் கொப்பியில் எழுதிக் கொடுக்கலாம். ‘இண்டைக்கு வாசிக்கேல்லையோ, மோனை?’ என்று அப்பம்மா கேட்கத் தொடங்கினால் பெற்றோர் நினைவூட்ட வேண்டியதில்லை.

மாற்கு முடிந்ததும் ரூத்தை எடுங்கள். அதில் நான்கு அதிகாரங்கள்தான்.