புதுப்பித்த டிராக்டர் எஞ்சினின் முதல் 20 நிமிடங்கள்

இளங்காளையை ஏருக்குப் பழக்கும் முறையை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. முதலில் வெறும் நுகத்தடியைக் கழுத்தில் வைத்து நடத்துவர். பின்னர் இலகுவான நிலத்தில் ஏர் பூட்டுவர். அதன் பிறகே கடின உழவுக்கு விடுவர். முழு வேலை செய்து புதுப்பித்த டிராக்டர் எஞ்சினையும் இவ்வாறே மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஓரளவுதான் சரி. எஞ்சினுக்குள் இருக்கும் கேம் ஷாப்ட் என்னும் தண்டைப் பொறுத்த வரையில், முதல் ஓட்டத்தை மெதுவாக நடத்துவதே அதற்குக் கேடாக முடியும்.

ஓர் உழவரை எண்ணிப் பார்ப்போம். சம்பாப் பருவத்திற்கு முன் கடன் வாங்கி டிராக்டர் எஞ்சினுக்கு முழு வேலை செய்கிறார். புதிய கேம் ஷாப்டும் பொருத்தப்படுகிறது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம் பழம் நசுக்கி, எஞ்சினை ஓட்டுகின்றனர். “புது எஞ்சின், மெதுவாக ஓடட்டும்” என்று அரை மணி நேரம் மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு அனைவரும் பேசிக்கொண்டு நிற்கின்றனர். சில வாரங்களில் எஞ்சினின் மேற்பகுதியில் ‘டிக் டிக்’ என்ற ஓசை எழுகிறது, இழுவை குறைகிறது. பிரித்துப் பார்த்தால் கேம் ஷாப்ட் தேய்ந்திருக்கிறது. உழவு தவறிவிட்டது, கடன் மட்டும் நிற்கிறது.

கேம் ஷாப்டின் பணி

கேம் ஷாப்ட் என்பது முட்டை வடிவான புடைப்புகளை உடைய ஒரு தண்டு. கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுழன்றால் இது ஒரு முறை சுழலும். ஒவ்வொரு புடைப்பும் தன்மேல் அமர்ந்திருக்கும் டாப்பெட்டை உயர்த்த, அது புஷ் ராடு வழியாக வால்வைத் திறக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடினால், ஒவ்வொரு புடைப்பும் நிமிடத்திற்கு 750 முறை வால்வைத் திறக்கும். 20 நிமிடங்களில் இது 15,000 முறையாகும்.

வால்வு ஸ்பிரிங்கின் விசை முழுவதும் புடைப்பும் டாப்பெட்டும் தொடும் மிகச் சிறிய இடத்தில் விழுகிறது. பல எஞ்சின்களில் டாப்பெட்டின் அடிமுகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தும், புடைப்பு மிகச் சிறிதளவு சாய்ந்தும் இருக்கும். இதனால் டாப்பெட் மேலும் கீழும் அசைவதோடு தானும் சுழல்கிறது. தேய்மானம் ஓரிடத்திலேயே விழாமல் பரவுகிறது. புதிய உறுப்புகள் இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கிப் பளபளப்பாவது இந்த முதல் ஓட்டத்தில்தான். அப்போது டாப்பெட் சுழலாமல் நின்றுவிட்டால், கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு கிழிந்து, தேய்மானம் விரைந்து பெருகும்.

மெதுவான ஓட்டம் ஏன் கேடு?

பல எஞ்சின்களில் கேம் புடைப்புகளுக்கு எண்ணெய் செல்லத் தனிக் குழாய் இல்லை. சுழலும் கிராங்க் ஷாப்டிலிருந்து சிதறும் எண்ணெயும், மேலிருந்து வழியும் எண்ணெயுமே அவற்றை நனைக்கின்றன. வேகம் குறைந்தால் சிதறும் எண்ணெயும் குறையும். மேலும், மெதுவாக ஓடும்போது புடைப்பின் உச்சியில் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுமையாக விழுகிறது. வேகம் கூடும்போது அசைவின் விசை அதில் ஒரு பகுதியைத் தணிக்கிறது. ஆகவே குறைந்த வேகத்தில் எண்ணெய் குறைவு, அழுத்தம் மிகுதி. இவ்விரண்டும் புதிய தண்டுக்குப் பகை.

ஓட்டுவதற்கு முன்

புதிய கேம் ஷாப்டுக்குப் புதிய டாப்பெட்டுகளையே போட வேண்டும். பழைய டாப்பெட் பழைய புடைப்புக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புதிய தண்டில் அது பொருந்தாது. பழைய தண்டையே மீண்டும் பொருத்துவதாயின், ஒவ்வொரு டாப்பெட்டும் தன் பழைய இடத்திற்கே செல்ல வேண்டும்.

புடைப்புகளிலும் டாப்பெட்டின் முகத்திலும் இதற்கென விற்கப்படும் பசையைத் தடவ வேண்டும். எண்ணெய் மட்டும் தடவினால் அது வழிந்துவிடும். எஞ்சினுக்கு, டிராக்டர் நிறுவனம் கூறும் தரத்து டீசல் எஞ்சின் எண்ணெயையே ஊற்றுக. புதிய பெட்ரோல் கார்களுக்கான எண்ணெய்கள் பலவற்றில், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. அவை இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல.

எண்ணெய் வடிகட்டியையும் ரேடியேட்டரையும் நிரப்பி, டீசல் குழாய்களில் உள்ள காற்றை முற்றும் வெளியேற்றி, பம்ப்பின் டைமிங்கையும் வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் எஞ்சின் ஓட வேண்டும் என்பதே இவ்வளவிற்கும் நோக்கம். ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருந்தால், தடவிய பசை எஞ்சின் ஓடுமுன்னரே வழித்தெடுக்கப்பட்டுவிடும்.

முதல் 20 நிமிடங்கள்

எஞ்சின் ஓடியதும் எண்ணெய் அழுத்தம் காட்டுகிறதா என்று நோக்குக. காட்டாவிடில் உடனே நிறுத்துக. காட்டினால், தாமதமின்றிக் கை ஆக்சிலேட்டரால் வேகத்தை உயர்த்துக. கார் எஞ்சின்களுக்கு நிமிடத்திற்கு 1,500 முதல் 2,500 சுற்று வரை வழக்கில் உள்ளது. டிராக்டர் டீசல் எஞ்சின்களின் முழு வேகமே பெரும்பாலும் 2,000 சுற்றை ஒட்டியிருப்பதால், அதன் கையேடு கூறும் வேகத்தையே பின்பற்றுக. ஒரே வேகத்தில் நிறுத்தாமல் சற்றே கூட்டியும் குறைத்தும், 20 முதல் 30 நிமிடங்கள் ஓட்டுக.

இடையில் நீரோ எண்ணெயோ ஒழுகினால் குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு பழுது பார்க்கலாகாது. நிறுத்திச் சரிசெய்து, மீண்டும் ஓட்டி, உடனே வேகத்தை உயர்த்தி, எஞ்சிய நேரத்தை நிறைவு செய்க.

அதன் பின்னர்

எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடித்து, வடிகட்டியையும் மாற்றுக. வடித்த எண்ணெயில் காந்தத்தை இட்டுப் பார்க்கலாம். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி இயல்பானது. மின்னும் செதில்கள் ஒட்டினால் மெக்கானிக்கிடம் காட்டுக. பின்னர் வால்வு இடைவெளியை மீண்டும் அளக்க வேண்டும். ஒரே ஒரு வால்வின் இடைவெளி மட்டும் திரும்பத் திரும்பப் பெருகினால், அதன் புடைப்பு தேய்கிறது என்று அறியலாம்.

காளையின் பாடம் இனித்தான் பொருந்தும். அடுத்த சில நாட்களுக்குப் பளுவைப் படிப்படியாகக் கூட்டுக. ஆயினும் பளுவே இன்றி நெடுநேரம் ஓட விடுதலும் தவறு; பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பொருந்துவதற்கு மிதமான பளு வேண்டும்.

உருளை டாப்பெட் பொருத்திய எஞ்சின்களுக்குக் கேம் ஷாப்டின் பொருட்டு இந்த வேக ஓட்டம் தேவையில்லை. நமது எஞ்சின் எவ்வகை என்பதை மெக்கானிக்கிடம் முன்னரே கேட்டறிக.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு

இன்று பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகின்றன. பலருக்குப் பொதுவான எஞ்சின் கெட்டால் பலரின் நிலம் காத்துக் கிடக்கும். ஆதலால் எஞ்சின் வேலை முடியும் நாளில் பொறுப்பான ஒருவர் பட்டறைக்குச் செல்லட்டும். டாப்பெட்டுகள் புதியனவா, பசை தடவப்பட்டதா, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது, முதல் ஓட்டம் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் நடந்தது, எண்ணெய் மாற்றப்பட்டதா என்னும் ஐந்தையும் கேட்டு ஏட்டில் எழுதி வைக்கட்டும். கூலி கொடுக்கும் முன் கேட்கும் இக்கேள்விகளுக்குச் செலவு ஏதும் இல்லை. பல ஆயிரம் ரூபாய் வேலை நிலைப்பதும் வீணாவதும் அந்த 20 நிமிடக் கவனத்தைப் பொறுத்தே உள்ளது.