கைப்பேசியும் காலடிச் சுவடும்

மண்ணில் நடப்பவன் காலடி மண்ணில் பதிகின்றது. பதிந்த சுவட்டைக் கண்டு, சென்றவன் முதியனோ இளையனோ, சுமையோடு சென்றானோ வெறுங்கையனாய்ச் சென்றானோ என்று ஆய்ந்துரைக்கும் வல்லுநர் முற்காலத்தில் இருந்தனர். ஆயினும் அச்சுவடு நெடுநாள் நிற்பதன்று. காற்று வீசினால் மறையும். மழை பெய்தால் கரையும். இக்காலத்து நகர மாந்தரோ மற்றொரு வகைச் சுவட்டையும் பதித்துச் செல்கின்றனர். அது கண்ணுக்குப் புலனாவதன்று. காற்றாலும் மழையாலும் அழிவதன்று. அதனைப் பதிப்பது கால் அன்று. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியே. அச்சுவட்டை ஒரு மாநகரின் போக்குவரத்து நிறுவனம் எவ்வாறு படித்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அதனுள் அடங்கிய அச்சம் யாது என்பவற்றை அறிதல் கைப்பேசி கையாளும் அனைவர்க்கும் வேண்டுவதாகும்.

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில் ஓடும் சுரங்க இரயில், உலகிலுள்ள அவ்வகை இரயில்களுள் மிகப் பழமையானது. 1863-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், நீராவி எஞ்சின்கள் இழுத்த வண்டிகள் பாடிங்டன் முதல் பாரிங்டன் வரை முதன்முதலாகப் பொதுமக்களை ஏற்றிச் சென்றன. இன்று அது 11 தடங்களும் 272 நிலையங்களும் உடையதாய் வளர்ந்துள்ளது. நகரின் நடுப்பகுதியில் இத்தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகவும், ஒன்றையொன்று குறுக்கிட்டும், ஆலமரத்தின் வேர்கள்போல் பின்னிக் கிடக்கின்றன. காலையில் வேலைக்கு விரைவோரும் மாலையில் வீடு திரும்புவோரும் அச்சுரங்கங்களில் வெள்ளம்போல் புகுகின்றனர்.

இவ்வெள்ளம் எவ்வழியே பாய்கின்றது என்பதை அறிதல் அதிகாரிகளுக்கு எளிதாக இல்லை. 2003-ஆம் ஆண்டில் அங்கே ‘ஆய்ஸ்டர்’ என்னும் பயண அட்டை வழக்கத்திற்கு வந்தது. பயணி அதனை நுழைவாயிலில் ஒருமுறையும் வெளிவாயிலில் ஒருமுறையும் கருவியின்மீது வைத்து எடுக்கின்றான். ஆகவே அவன் புகுந்த நிலையமும் வெளியேறிய நிலையமும் தெரிகின்றன. இடையில் அவன் எவ்வண்டியில் ஏறினான், எங்கே மாறினான் என்பவை தெரிவதில்லை. சான்றாக, கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வாட்டர்லூ நிலையத்திற்குச் சுரங்க இரயிலில் செல்ல விரும்புவோனுக்கு நேர் வண்டி கிடையாது. அவன் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் என்னுமிடத்தில் மாறலாம். கிரீன் பார்க்கில் மாறலாம். லெஸ்டர் சதுக்கத்தில் மாறலாம். அவன் எதனைத் தேர்ந்தான் என்பதை அட்டை சொல்லாது. காகிதத்தில் வினாக்களை அச்சிட்டுப் பயணிகளிடம் கொடுத்து விடை பெறுவதே அதுகாறும் இருந்த முறை. அதற்குச் செலவும் மிகுதி. கிடைத்த செய்தியோ சிறிது.

இந்நிலையில்தான் கைப்பேசி அவர்கள் கருத்தில் பட்டது. கம்பியின்றி இணையத்தோடு இணைக்கும் வைஃபை வசதி 2012-ஆம் ஆண்டில் இலண்டன் சுரங்க நிலையங்களுக்கு வந்தது. வைஃபை இயங்கும் நிலையில் உள்ள கைப்பேசி வாளா கிடப்பதில்லை. ‘அருகில் இணைப்புத் தருவார் உளரோ?’ என்று அது சிறிது நேரத்திற்கொருமுறை அலைவழியே வினவிக்கொண்டே இருக்கின்றது. அவ்வாறு வினவுங்கால் தன் அடையாள எண்ணையும் உடன் கூறுகின்றது. ‘மேக் முகவரி’ எனப்படும் அவ்வெண் பன்னிரண்டு குறிகளால் ஆனது. கருவியைச் செய்தோர் அதற்கு இட்டுவைத்தது. உடையவன் உறங்கினும் விழித்திருப்பினும், கைப்பேசியைத் தொடினும் தொடாவிடினும், இவ்வினா நிகழ்ந்துகொண்டே இருக்கும். நிலையச் சுவர்களில் பொருத்தப்பட்ட வைஃபைக் கருவிகள் இக்குரலைக் கேட்கின்றன. ஓர் எண் இந்த நடைமேடையில் 8 மணிக்கும், அந்த நடைமேடையில் 8 மணி 9 நிமிடத்திற்கும் கேட்குமாயின், அதனை உடையவன் சென்ற வழி தானே புலப்படுமன்றோ?

2016-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் தொடங்கி, நான்கு வாரங்கள், 54 நிலையங்களில் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. ஏறத்தாழ 56 இலட்சம் கருவிகளிலிருந்து 50 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் திரண்டன. அவை ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் பயணங்களைக் காட்டின. முற்கூறிய கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ நிலையங்களுக்கிடையே மக்கள் குறைந்தது 18 வேறு வழிகளில் செல்கின்றனர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மிகுதியாகக் கையாளப்பட்ட வழிகள் இரண்டு. நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் அவ்விரண்டையும் விடுத்து வேறு வழிகளில் சென்றனர். அட்டையும் காகித வினாவும் பல்லாண்டு சொல்லாத செய்தியைக் கைப்பேசிகள் நான்கே வாரத்தில் சொல்லிவிட்டன.

இவ்வறிவால் விளையும் பயன் சிறிதன்று. எந்த நடைமேடையில் எந்நேரத்தில் நெரிசல் மிகும் என்பது தெரிந்தால், அதனை முன்கூட்டியே பயணிகட்கு அறிவிக்கலாம். ஒரு தடம் பழுதுற்று நின்றால், மக்கள் எத்தடத்திற்குத் திரும்புவர் என்பதை உணர்ந்து உதவியாளரை அங்கே நிறுத்தலாம். பொதுப்பணத்தை எந்நிலையத்தை விரிவாக்கச் செலவிடுதல் தகும் என்பதையும் துணியலாம். இவையெல்லாம் பொதுநலம். இவற்றோடு வேறொரு பயனையும் அந்நிறுவனம் கருதியது. எவ்விடத்தைக் கடந்து மிகப் பலர் செல்கின்றனரோ, அவ்விடத்து விளம்பரத்திற்கும் கடைக்கும் விலை மிகுதியன்றோ? அதனை நிறுவனம் மறைக்கவில்லை. ஆயினும் ஒரே சுவடு ஒருபுறம் பயணியின் நலத்திற்கும் மறுபுறம் வணிகரின் வருவாய்க்கும் பயன்படுவது எண்ணத்தக்கது.

பயணிகளின் அடையாளத்தை மறைக்க அந்நிறுவனம் ஒரு முறையைக் கையாண்டது. கருவியின் எண்ணை அப்படியே எழுதி வைக்காமல், ஒருவழிக் கணக்கொன்றினால் வேறொரு குறியாக மாற்றினர். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோன்றதே இக்கணக்கு. எனினும் ஓர் இடர் உண்டு. மேக் முகவரிகளாக அமையத்தக்க எண்கள் ஏறத்தாழ 281 இலட்சம் கோடி. இது மாந்தர்க்குப் பேரெண்ணாயினும் கணிப்பொறிக்கு அத்துணைப் பெரிதன்று. எல்லா எண்களையும் அது ஒவ்வொன்றாக மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தால், மறைந்த எண் வெளிப்பட்டுவிடும். இதனைத் தடுக்கவே, மாற்றுமுன் எண்ணோடு கமுக்கமான எழுத்துக்கோவை ஒன்றையும் கலப்பர். அதனைக் கணிப்பொறி வல்லார் ‘உப்பு’ என்று அழைப்பர். உப்பின் அளவு அறியாதவன் அச்சுவையை மீண்டும் படைத்தல் அரிதன்றோ?

இங்கே ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். எண்ணுதல் வேறு, பின்தொடர்தல் வேறு. வாயிலில் நின்று, ‘இன்று ஆயிரவர் சென்றனர்’ என்று கூறுவது எண்ணுதல். அவ்வாயிரவருள் ஒருவன் காலையில் எங்கே ஏறினான், நண்பகலில் எங்கே இறங்கினான், நாள்தோறும் அவ்வாறே செய்கின்றானா என்று குறித்து வைப்பது பின்தொடர்தல். பெயரை மறைத்துவிட்டால் பின்தொடர்தல் எண்ணுதலாகிவிடும் என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது. பெயரில்லாத ஒரு குறி, வாரந்தோறும் ஒரே நாளில் மருத்துவமனை அருகிலுள்ள நிலையத்தில் இறங்குமாயின், அக்குறிக்குரியவரின் நோயை ஊகித்தல் எளிது. இரவில் அது எந்நிலையத்தில் வெளியேறுகின்றது என்பதால் இல்லம் இருக்கும் இடமும், காலையில் எங்கே இறங்குகின்றது என்பதால் வேலை செய்யும் இடமும் தெரியும். இவ்விரண்டும் தெரிந்தபின் பெயர் எவ்வளவு தொலைவில் இருக்கும்?

இது வெறும் அச்சம் அன்று. ஆய்வாளர் கண்ட உண்மை. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 இலட்சம் பேரின் கைப்பேசிகள் 15 திங்கள் அளவும் சென்ற இடங்களின் குறிப்புகள் ஆராயப்பட்டன. ஒருவர் எந்நேரத்தில் எங்கிருந்தார் என்பதற்கு நான்கே நான்கு குறிப்புகள் கிடைத்தால் போதும். அவற்றைக் கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைவரை ஏனையோரிடமிருந்து தனியே பிரித்தறியலாம் என்று அவ்வாய்வு காட்டியது. கைரேகை ஒருவருக்கொன்றாய் அமைவதுபோல, நடமாட்டமும் ஏறக்குறைய ஒருவருக்கொன்றாய் அமைந்துவிடுகின்றது.

அதே 2013-ஆம் ஆண்டில் இலண்டன் தெருக்களிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நகரின் வாணிகப் பகுதியில் ஒரு தனியார் நிறுவனம் விளம்பரத் திரை பொருத்திய குப்பைத்தொட்டிகளை வைத்திருந்தது. அவற்றுள் சிலவற்றில், கடந்து செல்வோரின் கைப்பேசி எண்களைக் குறித்துக்கொள்ளும் கருவிகளையும் அது பொருத்தியது. குப்பையை இடச் சென்றவனுக்கும், வெறுமனே நடந்து சென்றவனுக்கும் அதுபற்றி ஒரு சொல்லும் கூறப்படவில்லை. செய்தி வெளிப்பட்டதும் மக்கள் சினந்தனர். ஆகஸ்டுத் திங்களில் நகராட்சி அவ்வேலையை உடனே நிறுத்துமாறு கூறிற்று. அது நின்றது.

போக்குவரத்து நிறுவனம் அவ்வாறு மறைவாகச் செய்யவில்லை. நிலையங்களில் அறிவிப்புப் பலகைகளை வைத்தது. தரவுக் காப்பைக் கண்காணிக்கும் ஆணையரையும் கலந்துகொண்டது. 2018-ஆம் ஆண்டு மே 25 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த தரவுக் காப்புச் சட்டம், ஒருவரை அடையாளங்காட்ட வல்ல இணையக் குறிகளையும் தனிமனிதர் பற்றிய செய்தியாகவே கொள்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 8 முதல் 260-க்கு மேற்பட்ட நிலையங்களில் இம்முறை தொடங்கியபோதும் அறிவிப்புகள் வைக்கப்பட்டன. ‘விரும்பாதவர் தம் வைஃபையை நிறுத்திவிடலாம்’ என்பது அவ்வறிவிப்பின் கருத்து. இது மறைத்தலினும் நன்று என்பதில் ஐயமில்லை. எனினும், வண்டியைப் பிடிக்க ஓடுவோன் பலகையைப் படிப்பானா? ஆங்கிலம் அறியாத அயல்நாட்டானும் பார்வை குன்றிய முதியவளும் அதனை அறிவது எங்ஙனம்? அறியாமையால் வாய் திறவாதிருத்தலை இசைவு என்று கொள்ளுதல் முறையாகாது. நன்மை செய்யும் நோக்கம் உடையார்க்கும், கேட்டுச் செய்யும் கடமை உண்டு.

கைப்பேசியைச் செய்வோரும் இக்குறையை உணர்ந்தனர். 2014-ஆம் ஆண்டு முதல் ஐபோனும், பின்னர் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும், இணைப்பைத் தேடுங்கால் மெய்யான எண்ணைக் கூறாமல் மாற்றெண்களைக் கூறுமாறு அமைக்கப்பட்டன. 2019, 2020-ஆம் ஆண்டுகளில் இணைப்பிற்கும் இடத்திற்கொரு மாற்றெண் வழங்கும் வசதி வந்தது. ஆயினும் கருவியின் காப்பு மட்டும் போதாது. கையாள்வோரின் பழக்கமும் செம்மையுறல் வேண்டும்.

வெளியே செல்லுங்கால் வேண்டாத பொழுது வைஃபையை நிறுத்துதல் முதற்பழக்கம். நிறுத்திவிட்டதாக எண்ணுவதும் சில வேளை நிறுத்தமாவதில்லை. ஐபோனில் திரையோரத்து விரைவுப் பொத்தானை அழுத்தினால் அப்போதைய இணைப்பு மட்டுமே அறுகின்றது; முழுவதும் நிறுத்த, அமைப்புகள் பகுதிக்குச் செல்லல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், வைஃபையை நிறுத்திய பின்னும் இடமறிதற்பொருட்டு அலைகளைத் தேடும் அமைப்பு தனியே உண்டு. அதனையும் நோக்கி நிறுத்துதல் நலம். ஒருமுறை இணைந்த இலவச இணைப்புகளைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் தானே இணையும். வேண்டாதவற்றை அந்நினைவினின்று நீக்கிவிடல் வேண்டும். புதிய செயலி ஒன்று, ‘நீர் இருக்குமிடத்தை யான் அறியலாமோ?’ என்று கேட்குமாயின், அதன் பணிக்கு அஃது இன்றியமையாததா என்று ஆராய்ந்த பின்னரே இசைதல் வேண்டும். படியாமல் அழுத்தும் ‘சரி’ என்னும் ஒரு பொத்தான், படியாமல் ஒப்பமிடும் பத்திரத்திற்கு ஒப்பாகும்.

பெருநகரில் வாழ்வார்க்கு உள்ள உரிமைகளுள் ஒன்று, கூட்டத்தில் ஒருவராய், எவராலும் குறிக்கப்படாமல் நடந்து செல்லும் உரிமை. குற்றம் செய்வோனே மறைவை நாடுவான் என்பது பொருந்தா உரை. நோயுற்றவனும், துயருற்றவளும், புதுவேலை தேடுவோனும் பிறர் அறியாமல் ஓரிடம் சென்று மீள விரும்புதல் இயல்பே. நெரிசலைக் குறைக்க மக்களை எண்ணுவது ஆள்வோர் கடமை. எண்ணுவதற்கு வேண்டிய அளவினும் மிகுதியாகத் திரட்டாமையும், திரட்டியதை நெடுநாள் வைத்திராமையும் அக்கடமையோடு பிறந்தவை. தன் கைப்பேசி யாரிடம் யாது கூறுகின்றது என்பதை அறிந்திருத்தல் குடிமகன் கடமை. இவ்விரு கடமைகளும் ஒருங்கு நிகழுமிடத்தில், சுவடு வழிகாட்டும் விளக்காகும். இவை பிரியுமிடத்தில், அதே சுவடு காலைப் பிணிக்கும் தளையாகும்.

பயிற்சி

1. பயண அட்டையால் அறிய இயலாத செய்தியைக் கைப்பேசி எவ்வாறு அறிவித்தது?
2. 2016-ஆம் ஆண்டுச் சோதனையில் வெளிப்பட்ட உண்மைகள் யாவை?
3. அடையாள எண்ணை மாற்றுமுன் ‘உப்பு’ கலப்பது ஏன்?
4. ‘எண்ணுதல் வேறு, பின்தொடர்தல் வேறு’ — விளக்குக.
5. குப்பைத்தொட்டி நிறுவனத்தின் செயலையும் போக்குவரத்து நிறுவனத்தின் செயலையும் ஒப்பிட்டு எழுதுக.
6. அறிவிப்புப் பலகை வைத்தல் மட்டும் போதுமா? உம் கருத்தைக் காரணத்துடன் ஒரு பக்க அளவில் எழுதுக.